பானை மேல் கரிவிரல்கள்

மைசூரில் நான் ஊதுபத்தி உருட்டிய ஷெட்டில் ஒரே ஒரு தண்ணீர்ப்பானை இருந்தது. பதினைந்து பெண்களுக்கு அது ஒன்றுதான். ஆனாலும் சாயங்காலம் வரை அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஷெட்டில் கக்கூஸ் கிடையாது; பின்னால் ஒரு காலி மனை, அதை ஒட்டி ரோடு. வீட்டில் போய்விட்டு வேலைக்கு வருவோம், அடுத்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். நடுவில் நாக்கு வறண்டால் ஒரு வாய் நனைத்துக்கொள்வோம். இப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழகிவிட்டது.

கரித்தூள் பிசைந்த மாவைக் குச்சியில் வைத்துப் பலகைமேல் உருட்டுவதால் மணிக்கட்டு வரை கை கறுப்பாக இருக்கும். எதைத் தொட்டாலும் விரல் பதியும். ஒருநாள் மத்தியானம் பக்கத்துப் பலகையில் உட்காரும் அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏம்மிணி, பானைக்குக் கோலம் போடறயா? பூராவும் உன் வெரலுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பானையின் கழுத்திலிருந்து வயிறு வரை கறுப்பு விரல்கள். என் ஆள்காட்டி விரலின் நுனி சின்ன வயதில் அரிவாளில் பட்டுச் சப்பையாகிவிட்டது. அந்தச் சப்பை நுனி பானை முழுவதும் இருந்தது. அன்று வேலை முடிந்ததும் கடைசி ஆளாக நின்று, முந்தானையை நனைத்துப் பானையைத் துடைத்துவிட்டுப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பானைக் கிண்டலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, தசரா விளக்கு பார்த்துவிட்டு வீட்டுக்காரரோடு மொபெட்டில் திரும்பும்போது என் முந்தானை பின்சக்கரத்தில் சிக்கியது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நான் மல்லாக்க விழுந்தேன். பின்மண்டையில் தையல் போட்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் தாகம் ஆரம்பித்தது. அது சாதாரணத் தாகம் இல்லை. ஒரு செம்பு குடித்து வைத்ததும் அடுத்த செம்பைக் கண் தேடும். அதுவும் ஜில்லென்று வேண்டும். குடித்த அளவுக்கு வெளியே போகவும் வேண்டும். நாங்கள் இருந்த வரிசை வீட்டில் நான்கு குடும்பங்களுக்கு ஒரு கக்கூஸ். நான் போவதும் வருவதும் தகரக் கதவின் சத்தத்தில் எல்லோருக்கும் தெரியும். சத்தம் வராமல் இருக்கக் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தப் பழகினேன்.

ஷெட்டில் அந்த அக்கா எனக்குச் சர்க்கரை வியாதி என்று தீர்ப்புச் சொன்னாள். "எறும்பு மொய்க்குதான்னு பாரு" என்றாள். பார்த்தேன். எறும்பு வரவில்லை. வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிற வியாதி. வாயால் சொல்லக்கூடிய பெயர்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். எங்கள் ஊர் கௌதள்ளிப் பக்கம். தையில் முகூர்த்தம். எங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சுகளையும் மணப்பெண்ணின் பின்னால் நிற்கும் நாத்தனார் போட வேண்டும். தம்பிக்குக் கூடப்பிறந்த அக்கா நான் ஒருத்திதான்.

"முடிச்சு நீதான் போடோணும், அக்கா. பெரியம்மா மக இப்பவே ரெடியா நிக்குது. நான் விடமாட்டேன்" என்றான். பேசிக்கொண்டே என்னைக் கவனித்திருக்கிறான். "என்னக்கா, நான் வந்ததுல இருந்து செம்பை வெக்கவே மாட்டீங்கற? வயித்துக்குள்ள ராகி நட்டிருக்கியா?"

"உப்பு ஜாஸ்தியாயிருச்சுடா, கொழம்புல" என்றேன்.

அவனும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தான்.

அவன் போன பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. மணமேடையில் சடங்கு தொடங்கினால் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். முகூர்த்த நேரத்தில் நாத்தனார் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினால் ஊர் என்ன பேசும்? போகாமல் அடக்கி, மேடையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அதை நினைத்தாலே உடம்பு சுட்டது. போகாமல் இருந்துவிடலாம் என்றால் தம்பியின் முகம். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு முன்பே உடம்பைப் பழக்கிவிட வேண்டும். ஷெட்டில் மற்றவர்கள் இருக்கிறார்களே, அப்படி. குடித்தால்தானே போக வேண்டும்?

அடுத்த நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பானைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து உருட்டினேன். ஆனால் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. குடிக்காமலே போய்க்கொண்டிருந்தேன். கையைக் கழுவுவதும், காலி மனைப் புதருக்குப் பின்னால் ஓடுவதும், திரும்ப வந்து உட்காருவதுமாக இருந்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரியே போனது. எங்கிருந்து வருகிறது இவ்வளவு என்று பயந்தேன். மத்தியானத்துக்குமேல் பலகை இரண்டாகத் தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்து, "பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க, எறங்கோணும்" என்றேனாம். அவள் அதற்கு ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தாளாம். அதற்குள் நான் கரிமாவுக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

பாதி முகம் கரியோடு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சேலையும் நனைந்திருந்தது. அதை அக்காதான் தன் சால்வையால் மூடினாள் என்று பிறகு தெரிந்தது. பல வருஷம் அவளோடு வேலை செய்தேன். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகு ஒரு டாக்டர் வந்தார். நடுவயது, மெலிந்த ஆள். தமிழ் வரும், நடுநடுவே கன்னடம் கலந்துவிடும். சர்க்கரை இல்லை என்றார். மண்டையில் அடிபட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு சோதனை செய்ய வேண்டும் என்றார். காலையிலிருந்து தண்ணீர் தரமாட்டார்கள். மணிக்கொரு தடவை எடை பார்ப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வார்டில் எட்டுப் படுக்கைகள். எல்லோருக்கும் முன்னால் நான் ஒரு பிளாஸ்டிக் ஜாடியைப் பிடித்துக்கொண்டு போய், அதை நிரப்பி, திருப்பிக் கொண்டுவந்து நர்ஸிடம் கொடுக்க வேண்டும். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்துச் சத்தமாக அளவைச் சொல்லுவாள். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். பதினோரு மணி இருக்கும். முகம் கழுவிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். குழாயைத் திறந்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. குழாயில் வாயை வைத்துவிட்டேன். மாடு மாதிரி குடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த தடவை எடை பார்த்தபோது நர்ஸ் மெஷினைத் தட்டிப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் ஏற்றி நிறுத்தி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"அம்மா, நிஜ சொல்லு. நீரு குடிச்சியா?"

"இல்லீங்க சார்."

"வாயி ஈரமா இருக்கே?"

"கொப்பளிச்சேனுங்க."

"காத்து குடிச்சா வெயிட் ஏறாதம்மா" என்றார்.

எட்டுப் படுக்கைகளும் சிரித்தன. எதிர்ப்படுக்கைக் கிழவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. "நாளைக்கு இன்னொரு சலி, இன்னொரு தடவை பண்ணலாம். தப்பு உன் மேல இல்ல, தாகத்து மேல" என்று போர்வையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆயாவை உட்கார வைத்தார்கள். கக்கூஸுக்கும் கூடவே வந்தாள். அன்று முடிவில் ஓர் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஜாடியில் மஞ்சள் நிறம் வந்தது. தசராவுக்குப் பிறகு நான் அந்த நிறத்தைப் பார்க்கவே இல்லை. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டியபோது டாக்டர் சந்தோஷப்பட்டார். ஒரு மனிதர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

வீட்டுக்காரர் கம்பி கட்டும் வேலை செய்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். மூளைக்கு அடியில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு சுரப்பி தொங்குகிறது. மேலே மூளைக்குள் ஒருவகை நரம்புச் செல்கள் இருக்கின்றன. தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் மருந்தை அவையே தயாரிக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் நூல் மாதிரி நீளமான வால். மருந்து அந்த வால் வழியாகவே இறங்கி வருகிறது. வாலின் நுனி அவரைக்கொட்டைக்குள் ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ரத்தம் கெட்டியாகும்போது மேலே இருக்கும் செல்லுக்கு அது தெரியும். நுனி திறந்து மருந்தை ரத்தத்தில் விடும். அது போய்ச் சேர்ந்தால்தான் சிறுநீரகம் தண்ணீரை விடாமல் பிடிக்கும். நான் விழுந்த வேகத்தில் அந்த நூல்கள் அறுந்துவிட்டன.

நான் பத்தாவது வரை படித்தவள். நரம்பு சேதி கொண்டுபோகும் என்று படித்திருக்கிறேன். நரம்பே மருந்து காய்ச்சி, தன் வால் வழியாகவே சொட்டுச் சொட்டாக அனுப்பும் என்று யாரும் சொன்னதில்லை. அதைவிட எனக்குப் பட்டது வேறு. இது என் பேராசையும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. இருந்தும் வெட்கம் போகவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் வெட்கம் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுந்ததை இழுத்துக் கட்டிவிட முடியாதுங்களா சார்?"

டாக்டர் அவருடைய கையைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கை அங்க போகாதுப்பா. அதுவே கட்டிக்கணும். மேல இருக்கிற செல் செத்துப்போகலேன்னா புதுசா வால் விடும். ரத்தக்குழாய் எங்கேன்னு தேடிக்கிட்டு வரும். கெடச்சா ஒட்டிக்கும். கெடைக்கலேன்னா ஆயுசு பூரா மருந்து."

"கெடச்சுதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எங்களை விட மொதல்ல இந்தம்மாவுக்குத் தெரியும்" என்றார். என்னிடம் திரும்பி, "தாகம் இல்லாம சும்னே குடிக்காதே. தாகம் எடுத்தா அடக்காதே. அவ்வளவுதான்" என்றார்.

மருந்து ஒரு சின்னக் குப்பி. அதனுடன் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய். குழாயில் மருந்தை ஏற்றி, ஒரு முனையை மூக்கிலும் மறுமுனையை வாயிலும் வைத்து நானே ஊதிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும். அந்தக் கோலத்தில் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைத் தாழிட்டு, ஜன்னலில் துணி தொங்கவிட்டு ஊதினேன். குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டு ஓனரம்மாவிடம்தான் பிரிட்ஜ் இருந்தது.

"இதேனம்மா, எங்க பாலு பக்கத்துல?"

"சளிக்கு, அம்மா."

"சளிக்கு பிரிட்ஜுக்குள்ள மருந்தா? நல்ல சளி கணே" என்றாள். ஆனால் வெண்ணெய்த் தட்டில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தாள்.

பத்தி உருட்டும்போதெல்லாம் தலைக்குள் என்ன நடக்கிறது என்று யோசிப்பேன். ஓனரம்மா வீட்டுப் பின்புறம் அவரைக்கொடி இருந்தது. அதன் நுனி ஒன்றும் இல்லாத இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பார்த்தால் துணிக்கொடிக் கயிற்றைச் சுற்றியிருக்கும். அதற்குக் கண்ணா இருக்கிறது? என் தலைக்குள்ளும் அப்படி ஏதோ இருட்டில் துழாவிக்கொண்டிருக்கும். அல்லது செல்கள் செத்தே போயிருக்கும். மருந்து வேலை செய்யும்வரை நான் மற்ற பெண்களைப் போல இருந்தேன். இரண்டு தடவை காலை மருந்து தவறியது. அந்த இரண்டு நாளும் ஒன்பது மணிக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பானையில் சப்பை விரல் பதிந்தது. நூல் இன்னும் சேரவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. யாராவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கேட்டவர் அந்தப் பக்கம் போனதும் குடிப்பேன். அந்த மூன்று மாதத்தில் நான் அதிகமாகச் சொன்ன பொய் அதுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறினோம். தெர்மாஸில் ஐஸ்கட்டி போட்டு, அதில் குப்பியையும் குழாயையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். ஊரில் யாருக்கும் தெரியாது. தம்பிக்கும் சொல்லவில்லை. ஹனூர் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த வருஷங்களில் காட்டுக்குள் ஒளிந்திருந்த சந்தனமரக் கடத்தல் கும்பலைத் தேடி எங்கள் பக்கத்துக் காட்டு ரோட்டில் போலீஸ் சோதனை வழக்கம்தான். அரிசி, மருந்து, பேட்டரி, எதைப் பார்த்தாலும் யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்பார்கள். இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் தெர்மாஸைத் திறந்தார். ஐஸுக்குள் விரலை விட்டுக் குப்பியையும் குழாயையும் தூக்கிப் பிடித்தார்.

"இதேனு? என்ன இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நான் பேசாதது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. குரலை உயர்த்தினார். வீட்டுக்காரர் பயந்து எழுந்து நின்றார். கட்டடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து கீழே இருப்பவனிடம் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

"சம்சாரத்துக்கு மூத்திரம் நிக்கறதுக்கு மருந்துங்க சார்!"

கடைசி சீட்டில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். போலீஸ்காரருக்கே முகம் சிவந்துவிட்டது. குப்பியை அவசரமாக ஐஸில் போட்டு மூடினார். முன்சீட்டிலிருந்து ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஊரில் எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருப்பவரின் மனைவி. கல்யாணத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். "அடடே, நீயா சாமி!" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் மெதுவாக, "நான் வேற என்ன சொல்றது புள்ள?" என்றார்.

அன்று சாயங்காலம் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று மருந்தை ஊதினேன். மறுநாள் காலையில் முடியவில்லை. வீடு முழுக்கப் பெண்கள். நான் தெர்மாஸைத் தொட்டாலே நான்கு பேர் பேச்சை நிறுத்துவது போல எனக்குத் தோன்றியது. தம்பி மணமேடைக்குப் போகும்முன் என்னிடம் வந்து, "உனக்கு முடியலேன்னா சொல்லிரு அக்கா, பரவால்ல" என்றான். பஸ்ஸில் நடந்த சேதி அவனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "முடியும், போடா" என்றேன். குப்பியை எடுக்காமலே மேடை ஏறினேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். நான் பெண்ணின் பின்னால் நின்றேன். ஒன்பது மணி தாண்டியது. புகை, கூட்டம், பட்டுச்சேலை. இப்போது வரும், இப்போது வரும் என்று தொடைகளை நெருக்கி நின்றேன். மேடையிலிருந்து கொல்லைக்கதவு எவ்வளவு தூரம் என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டேன். பெரியம்மா மகள் மேடைக்குக் கீழேயே தயாராக நின்றாள்.

மாவுமில்லுக்காரர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். குனிந்து என் காதருகே, ஆனால் மூன்று பேருக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"குடி சாமி, வெக்கப்படாத. போகோணும்னா ஒரு கண்ணு காட்டு, நான் சேலையில மறைச்சுக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"வேண்டாங்க்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் அதில் சும்மா இருந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன், ஈரம். அடிவயிற்றை நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மருந்து இல்லாமல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்யில்லை.

அதற்குள் மேளம் மாறியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். நான் கயிற்றைப் பிடித்தேன். எத்தனை புளி போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை. மஞ்சள் கயிற்றில் சப்பை விரல் லேசாகக் கறுப்பாகப் பதிந்தது. இரண்டு முடிச்சுகளையும் போட்டேன். கண்ணீர் கயிற்றின் மேலேயே விழுந்தது.

"தம்பி மேல எத்தனை பாசம் பாரு" என்று கீழே யாரோ சொன்னார்கள். தம்பியும் திரும்பி என்னைப் பார்த்தான், அவன் கண்ணும் கலங்கியிருந்தது. நான் அவனுக்காக அழவில்லை. அதை எப்படிச் சொல்வது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் நினைத்தபடியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் தெர்மாஸைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. மூன்று மாதமாக என் வேண்டாம்களைக் கேட்டவர். மைசூர் வரும்வரை ஐஸ் உருகின அந்தத் தெர்மாஸை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.